ரேஷன் கடைப் படிக்கல்

லாரி நகர்வதாகத் தெரியவில்லை. ஒன்பதேகாலுக்கே கத்திரி வெயில் தெருவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. முக்காலியை விரித்து, லெவல் கருவியைத் திருகி மாட்டி, குமிழியை வட்டத்துக்குள் கொண்டுவந்து, நித்யகலா கண்ணை வைத்துப் பார்த்தால் தெரிவது லாரியின் பின்சக்கரம். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ரேஷன் கடை. கடையின் முதல் படிக்கல்லில் அவளும் செண்பகவல்லியும் முதல் வாரத்தில் அடித்த பித்தளை ஆணி. ஆறு வாரமாகத் தினமும் அந்த ஆணியின் மேல் அளவுகோலை நிறுத்தித்தான் முதல் வாசிப்பு. அந்தப் படிக்கல் அசையாது என்று வைத்துக்கொண்டு, பெருமாள் நாயகன் தெருவில் வரிசையாகப் பதித்த பன்னிரண்டு புள்ளிகளும் நேற்றைவிட எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பதினாறு மீட்டர் ஆழத்தில் ரயில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் போய்க்கொண்டிருக்கிறது, அது போகும்போது மேலே தரை கொஞ்சம் அமிழும். மேலே நின்று அமிழ்வதை அளப்பது நித்யகலாவின் வேலை. கீழே இயந்திரத்தோடு போவது செண்பகத்தின் வேலை. எட்டு வாரக் கோடை ஆய்வுப் பயிற்சி, திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரண்டே பேர், ஒருத்தி வெயிலில், ஒருத்தி பூமிக்குள். "லாரி இப்போதிக்கு நவுறாதும்மா, நூத்தியிருவது மூட்ட எறக்கணும்" என்றார் ஏகாம்பரம் அண்ணன், அளவுகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு. நூற்றிருபது மூட்டை. இவள் காலடியில், இந்தத் தாருக்கும் மண்ணுக்கும் கீழே, குளிர்காற்றுக் குழாய்க்குப் பக்கத்தில், செண்பகம் இப்போது இயந்திர ஓட்டுநரின் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஓட்டுநர் வங்காளக்காரர். அவரிடம் இந்தியும் தெரியாமல் வங்காளமும் தெரியாமல் எப்படியோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எங்கே போனாலும் ஸ்டூல் போடுகிறார்கள்.

போடட்டும். யார் வேண்டாம் என்றது. நித்யகலாவுக்கு அவள்மேல் பொறாமை ஒன்றும் கிடையாது, இதைத் தினமும் நாலைந்து தடவை தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் கொஞ்சம் இடறுகிறது. விண்ணப்பமே இவள் போட்டுக் கொடுத்ததுதானே. பிப்ரவரி கடைசி நாள், கல்லூரி நூலகத்தில் மூன்று கம்ப்யூட்டரில் ஒன்றுதான் வேலை செய்கிறது, செண்பகம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள், "எனக்கு இதெல்லாம் எழுத வராதுட்டி, நீயே ஏதாவது அடிச்சு விடு." 'பூமிக்கு அடியிலான கட்டுமானத்தில் உங்களுக்கு ஏன் ஆர்வம்' என்று கேட்டிருந்தார்கள். இருநூறு வார்த்தை. தனக்கு எழுதி முடித்த கையோடு அவளுக்கும் இருநூறு வார்த்தை எழுதினாள் நித்யகலா, ஒரு வாக்கியம்கூட இரண்டிலும் ஒன்றாக வராமல் பார்த்துப் பார்த்து, நகரங்களின் வளர்ச்சி, இடநெருக்கடி, வரும் தலைமுறை என்று. சொல்லப்போனால் அவளுடையதுதான் இன்னும் நன்றாக வந்திருந்தது. அனுப்பும் நேரத்தில் செண்பகம் குறுக்கே கையை விட்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி, முடிவில் இரண்டு வரி சேர்த்தாள். எங்கள் ஊரில் எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கு அடியில் போகிறது என்று ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மாரடைப்பில் இறந்த வருஷம் மட்டும் பதினோரு இடத்தில் தப்பாகத் தோண்டினார்கள். அவ்வளவுதான். இங்கிலீஷில் அந்த இரண்டு வரியில் நாலு பிழை. திருத்தலாம் என்று நித்யகலா கை நீட்டுவதற்குள் பக்கம் போய்விட்டது. பயிற்சியின் முதல் நாள், பத்து மாணவர்கள், ஏசி அறை, பேராசிரியர் கோமதிநாயகம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் படித்தார். அந்த இரண்டு வரியை. பிழையோடு. "இருநூறு விண்ணப்பம் படிச்சேன். எல்லாத்துலயும் நகரங்களின் வளர்ச்சி. இந்த ஒண்ணுல மட்டும்தான் ஒரு மனுஷன் இருந்தார்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டு, மேசைக்கு அடியில் நித்யகலாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கை வியர்த்து ஈரமாக இருந்தது, அதைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது இவளுக்கு. நகரங்களின் வளர்ச்சி. தன்னுடையதிலும் அதுதான் முதல் வரி.

ஒரு மூட்டை இறங்கியது, இன்னொன்று இறங்கியது, தூசி கிளம்பி வெயிலில் நின்றது. இரண்டு பெண்கள் குடும்ப அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வரிசைக்கு இடம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் தங்கள் வேலையைப் படமாக ஒட்டி விளக்க வேண்டும். அன்றைக்குச் சார் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார், கடைசி வருஷ ஆய்வை அவரோடு, அவருடைய ஆய்வுக்கூடத்தில் வந்து செய்யலாம். ஒரே ஒரு இடம். அந்த இடம் யாருக்கு என்று விடுதிச் சமையல்காரருக்குக்கூடத் தெரியும். செண்பகத்தின் படம் தயாராகிவிட்டது, அறையில் சுருட்டி வைத்திருக்கிறாள். வளைவில் திரும்பும்போது இயந்திரத்தின் முன்னழுத்தத்தை எப்படி ஏற்றி இறக்கினார்கள் என்று தினமும் குறித்து, அதனால்தான் மேலே தெரு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அமிழவில்லை என்று காட்டியிருக்கிறாள். அந்த மூன்று மில்லிமீட்டர் யாருடையது? வெயிலில் நின்று, தோல் உரிந்து, நித்யகலா எடுத்தது. படத்தின் கீழே 'தரைமட்ட அளவுகள்: நித்யகலா' என்று போட்டிருக்கிறாள், பெரிய மனசு. இரண்டு பேரும் வாரம் மாற்றி வாரம் கீழே போக வேண்டும் என்றுதான் ஏற்பாடு. அது ஏன் மாறியது என்று யாராவது கேட்டால், மேலே அளவு எடுப்பதற்கு ஒரே கை, ஒரே கண் இருந்தால்தான் பிழை குறையும் என்பாள் நித்யகலா, அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாவது வாரம் தண்டவாள வண்டியில் உட்கார்ந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே போனபோது, சுவரின் வளையங்கள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் கடந்து போகப் போக, நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்தியதும், வாய் கோணி "மேல போணும், மேல போணும்" என்று அவளிடமிருந்து ஒரு குரல் வந்ததும், செண்பகம் தன் தலைக்கவசத்தைக் கழற்றி இவள் முகத்துக்கு விசிறிக்கொண்டே வெளியே கூட்டிவந்ததும் நடந்துதான் இருக்கிறது. செண்பகம் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவைகூடக் கேலியாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பம்ப் ரூம் ஆணியிலேந்து எடுக்கலாம்ல" என்றார் ஏகாம்பரம் அண்ணன். "அதுவும் நீங்க அடிச்சதுதானே." அடித்ததுதான். ஒரு நிலைப்புள்ளி போதாது, தூரத்தில் இன்னொன்று வேண்டும், வாரம் ஒரு முறை இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே தெருக்கோடியையும் தாண்டி, தண்ணீர்த் தொட்டி பம்ப் ரூம் சுவரடியில் ஒன்று அடித்து உயரமும் குறித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே யார் போனார்கள். நிழலே கிடையாது, போய்வர இரண்டு இடத்தில் கருவியை மாற்றி வைக்க வேண்டும். ரேஷன் கடைப் பக்கம் வேப்பமரம் உண்டு. அன்றைக்கும் அந்த மரத்துக்காகத்தான். அது போகட்டும். நித்யகலா முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் அளவுகோலோடு அவர். செருப்பு வழியாகச் சூடு ஏறியது. செண்பகம் கீழேயிருந்து வாரம் ஒரு களிமண் உருண்டை கொண்டுவருவாள், வளைய எண்ணைத் தாளில் எழுதி ஒட்டி, "இது உனக்குட்டி. சூரியனையே பாக்காத மண்ணு" என்று இவள் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைப்பாள். கருநீலச் சாம்பல் நிறம், முதல் நாள் சில்லென்று இருக்கும், நாலாவது நாள் வெளுத்து வெடிக்கும். ஐந்து உருண்டை சேர்ந்திருக்கிறது. நித்யகலா ஒன்றையும் தொடவில்லை. போன சனிக்கிழமை, செண்பகம் குளிக்கப் போயிருந்தபோது, ஒன்றை மட்டும் விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். உள்ளே இன்னும் ஈரம். நகக்கண்ணில் போன அந்த மண் இரண்டு நாள் வரவேயில்லை.

பம்ப் ரூம் ஆணியில் அளவுகோலை நிறுத்தி வாசித்து, கருவியை மாற்றி வைத்து, இன்னொரு தடவை மாற்றி வைத்து, முதல் புள்ளிக்கு வந்தபோது மணி பத்தரை. எழுதினாள், கழித்தாள். எட்டு. நேற்று வரை மூன்று. சரி, எங்கோ தப்பாக வாசித்திருக்கிறோம். இரண்டாவது புள்ளி, ஏழரை. மூன்றாவது, எட்டு. ஒவ்வொன்றும் நேற்றையதைவிடச் சொல்லிவைத்தாற்போல ஐந்து மில்லிமீட்டர் கீழே. "அண்ணே, அளவுகோல நேராப் புடிக்கிறீங்களா?" என்றாள். "பன்னண்டு வருஷமாப் புடிக்கிறேம்மா" என்றார் அவர், கோபப்படாமல். திரும்பப் பம்ப் ரூம் வரை போனாள். திரும்ப வந்தாள். அதே ஐந்து. ஒரே இரவில் தெரு முழுக்க ஐந்து மில்லிமீட்டர் ஒரே அளவாக இறங்காது, இயந்திரம் இந்த இடத்தைக் கடந்து போய் இரண்டு வாரம் ஆகிறது. அப்படியென்றால் தெரு நேற்று இறங்கவில்லை. தெரு முன்பே இறங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் இறங்கியிருக்கிறது. அளக்கும் இடமே இறங்கினால் அளப்பது எப்படித் தெரியும். நித்யகலா தலையைத் திருப்பி லாரிக்குக் கீழே பார்த்தாள். சக்கரங்களுக்கு இடையில் ரேஷன் கடைப் படிக்கல்லின் ஒரு மூலை தெரிந்தது, அதன்மேல் ஒரு கிழவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். ஆறு வாரமாக அசையாது என்று நம்பிய கல். அது மெதுவாக, யாருக்கும் தெரியாமல், தெருவோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் என்பது ஆபத்து இல்லை, யார் வீட்டுச் சுவரும் வெடிக்காது, அனுமதித்த அளவுக்கு உள்ளேதான். விழப்போவது ஒன்றே ஒன்றுதான், சுருட்டி வைத்திருக்கும் அந்தப் படம்.

உள்ளே ஏதோ குளுகுளுவென்று ஓடியது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள், பயம் இல்லை, சந்தோஷம். சுத்தமான, கலப்படமில்லாத சந்தோஷம், எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் முதல் மார்க் வாங்கிய அன்றைக்கு வந்ததுபோல. அளவுகளைக் குறிக்கும் ஃபீல்டு புக்கைப் புரட்டி முதல் வாரத்துக்குப் போனாள். தன்னுடைய கையெழுத்து, குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். 'நிலைப்புள்ளி 1: ரேஷன் கடை, முதல் படிக்கல். தேர்வு: செ.' செ. என்றால் செண்பகவல்லி. கறுப்பு மையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இடத்தைத் தேர்ந்தவள் அவள், அதை நம்பி அளந்தவள்தான் நித்யகலா. இனி என்ன செய்யவேண்டும்? ஒன்றுமே செய்யவேண்டாம், அதுதான் இதில் அழகு. சுரங்கம் தோண்டும் கம்பெனிக்காரர்களின் தானியங்கி அளவுகள் வெள்ளிக்கிழமைதான் வரும், அதுவரை மாணவர்கள் அதைப் பார்க்கக் கூடாது என்பது சாரின் விதி. மத்தியானம் லாரி போய்விடும். பழைய ஆணியிலிருந்து வழக்கம்போல வாசித்து மூன்று என்று எழுதினால் போதும். வெள்ளிக்கிழமை செண்பகம் படத்தை ஒட்டி, அந்த ஒற்றை விரலால் மூன்று மில்லிமீட்டரைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நிற்பாள், கம்பெனியின் தாள் வரும், எட்டு என்று இருக்கும், சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். யார் தேர்ந்தெடுத்த இடம் இது? புத்தகம் பதில் சொல்லும். அப்போது அவள் கை மேசைக்கு அடியில் யாருடைய கையைத் தேடும்? இந்த இடத்தில் சந்தோஷம் லேசாகத் தடுக்கியது, நித்யகலா அதைத் தாண்டிப் போனாள், திரும்பவும் அதே இடத்தில் தடுக்கியது. கை இல்லை தடுக்குவது. செ. தான். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் 'செ., நி.' என்று இரண்டு எழுத்தும் போட்டிருக்கிறாள். பம்ப் ரூமுக்கு 'செ., நி.' பன்னிரண்டு புள்ளிகளுக்கும் 'செ., நி.' இதற்கு மட்டும் ஏன் ஒரே எழுத்து?

ஏன் என்றால், அன்றைக்குத் தலைவலி. வெயில் ஏறி, கண்ணுக்குள் பூச்சி பறக்க, நித்யகலா நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். செண்பகம் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த வேப்பமரத்தடில வச்சுப்போம்ட்டி, உனக்கும் நிழலா இருக்கும்" என்றாள். அவள் அப்படித்தான், எல்லாவற்றிலும் ஒரு உபகாரம் செருகி வைப்பாள். அதற்கப்புறம் ஆணியை அடித்தார்கள். அதற்கப்புறம் இல்லை, அதற்கு முன்னால். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. செண்பகம் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், "சுரங்கம் ரோட்டுக்கு அந்தப் பக்கமாத்தானே நேராப் போவுது? இது அம்பது மீட்டர் தள்ளி இருக்கும்லா?" கேட்டுவிட்டு நின்றாள். இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் வரைபடம் பார்த்தவள் இவள். முந்தின நாள் சார் செண்பகத்தை மட்டும் முதன்முதலாகக் கீழே கூட்டிப் போனார். நித்யகலா தளத்து அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே, திருத்திய வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம், வேறு எங்கும் பார்க்கப் பிடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கம் அங்கே நேராகப் போகவில்லை. பழைய வரைபடத்தில்தான் நேர். புதியதில் தெருமுனைக்கு முன்பே வளைகிறது, ரேஷன் கடைக்கு எட்டு மீட்டர் பக்கத்தில் வருகிறது. அந்த வளைவை விரலால் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது. செண்பகம் சுத்தியலோடு நின்றாள். வேப்பம்பூ ஒன்று அவள் தலைக்கவசத்தில் விழுந்து கிடந்தது. "ம்" என்றாள் நித்யகலா.

தலைவலியில் மறந்துவிட்டேன், அவ்வளவுதானே? ஆறு வாரமாக அப்படித்தான் அதை மடித்து உள்ளே வைத்திருந்தாள். மறந்தவள் எதற்கு 'நி.' போடாமல் விட வேண்டும்? பேனா 'செ.' எழுதி, புள்ளி வைத்து, கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்று, பிறகு மூடியது. அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக நினைவிருக்கிறது. என்றைக்காவது இது அவளைக் கவிழ்க்கும் என்று தெரிந்தா? அப்படித் தெளிவாக ஒன்றும் இல்லை. தவறட்டும், ஒரு தடவை அவளும் தவறட்டுமே என்ற அளவில் ஒரு சின்ன எரிச்சல், பேனா மூடுகிற நேரத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு நாற்பது நாள் அந்த 'ம்'மின் மேலேயே அளவுகோலை நிறுத்தி வாசித்திருக்கிறாள். வெயில் உச்சந்தலையில் குத்தியது. "தண்ணி குடிம்மா, மூஞ்செல்லாம் ஒரு மாரியா கீது" என்றார் ஏகாம்பரம் அண்ணன். நெஞ்சில் அதே முழங்கால் வந்து அழுத்தியது. இங்கே சுரங்கமில்லை, மேலே முழு ஆகாயம் இருந்தது, ஆனாலும் அழுத்தியது. மேலே போக வேண்டும் என்றால் இங்கேயிருந்து எங்கே போவது. அவள் போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். செண்பகத்துக்கு அடித்தால் கீழே சிக்னல் கிடைக்காது, கிடைக்காவிட்டால் நல்லது என்று அடித்தாள். இரண்டாவது மணியிலேயே செண்பகம் எடுத்தாள். "சொல்லுட்டி. நான் மேலதான் இருக்கேன், மெஷினுக்கு கிரீஸ் போடுறாங்க, ஒரு மணி நேரம் வேல இல்ல. உனக்கு மோர் வாங்கிட்டு வரவா?"

மோர்ப் பொட்டலம் இரண்டோடு வந்தாள். மஞ்சள் சட்டை, முட்டி வரை சேறு, தலைக்கவசத்தின் வார் பதிந்த தாடை. நித்யகலா புத்தகத்தை நீட்டி இன்றைய பக்கத்தை மட்டும் காட்டினாள். செண்பகம் வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு போனாள், எட்டு, ஏழரை, எட்டு. அவளுக்குப் புரிந்த கணம் முகத்தில் தெரிந்தது, கண்ணிமை ஒரு தடவை சிமிட்டி நின்றது. இதைத்தான் பார்க்க வேண்டும் என்று இவள் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கத் தயாராக இருந்தாள், இப்போதே கிடைத்துவிட்டது, பார்க்க முடியவில்லை. "படிக்கல்லு எறங்கியிருக்கு" என்றாள் செண்பகம். பிறகு, "என் படம் போச்சு" என்றாள். பிறகு எண்களை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "எப்படிட்டி கண்டுபிடிச்ச?" என்றாள், அதில் நிஜமான ஆச்சரியம் இருந்தது, அதுதான் தாங்கவில்லை. சாருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தவளும் அவள்தான். "சார், நித்யா ஒரு பெரிய தப்ப கண்டுபிடிச்சிருக்கா. அஞ்சு மில்லி சார். வேற ஆளா இருந்தா ரீடிங் தப்புன்னு விட்டுட்டுப் போயிருப்பாங்க." அந்தப் பக்கம் கோமதிநாயகம் சார் கேள்வி மேல் கேள்வி கேட்டார், எத்தனை தடவை திரும்ப வாசித்தீர்கள், பம்ப் ரூம் எவ்வளவு தூரம் என்று, நித்யகலா பதில் சொன்னாள். "வெரி குட்" என்றார் சார். "வெரி குட், நித்யகலா. இதுதான் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமை இதையே நீங்க பேசுங்க." ஆறு வாரமாக அவர் வாயில் இவள் பெயர் முழுதாக வந்ததில்லை. வந்துவிட்டது. "அது சரி, அந்த இடத்தத் தேர்ந்தெடுத்தது யாரு?" நித்யகலா வாயைத் திறந்தாள். "நான்தான் சார்" என்றாள் செண்பகம், "வளைவப் பாக்காம விட்டுட்டேன் சார்." சார் "ம்" என்றார். போனை வைத்துவிட்டார். அதையும் அவளே முந்திக்கொண்டாள் என்று ஒரு நினைப்பு ஓடியது நித்யகலாவுக்கு. இந்த நிமிஷத்தில்கூட ஓடியது. வெட்கமாக இருந்தது.

ஃபீல்டு புக்கில் அழிக்கக் கூடாது. முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. தப்பாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், கீழே இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செண்பகம் மோர்ப் பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள், இவளுக்குத்தான். நித்யகலா முதல் வாரப் பக்கத்தைத் திருப்பினாள். எதுவும் செய்யாமல் மூடிவிட்டால் வெள்ளிக்கிழமை பேசலாம், அந்த இடம் கிடைக்கும், செண்பகமே முதலில் கைதட்டுவாள். 'தேர்வு: செ.' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் எழுதினாள், 'செ. கேட்டாள். வளைவு 8 மீட்டரில் இருப்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நித்யகலா.' தேதி போட்டாள். தேதி மட்டும் கோணலாக விழுந்தது. புத்தகத்தை நீட்டினாள். செண்பகம் மோரை இவள் கையில் கொடுத்துவிட்டு, புத்தகத்தை வாங்கி, படித்தாள். மூன்று வாக்கியத்தைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஒரு மூட்டை இறங்கியது. அவள் மூடி, ரப்பர் பட்டையைப் போட்டு, முக்காலியின் கால் அருகே வைத்தாள். ஏதாவது சொல்வாள் என்று நித்யகலா நின்றாள், திட்டுவாள், ஊர்க்காரியாகத் திட்டினால் நன்றாகத் திட்டுவாள். "இன்னும் ஒம்பது புள்ளி இருக்குல்லா" என்றாள் செண்பகம். "அண்ணே, கொஞ்ச நேரம் நான் புடிக்கேன், நீங்க நிழல்ல இருங்க."

அளவுகோலை வாங்கிக்கொண்டு நாலாவது புள்ளிக்கு நடந்தாள். முப்பது மீட்டர் தூரம், முதுகு மட்டும் தெரிந்தது. புள்ளியில் கோலை நிறுத்தி இந்தப் பக்கம் திரும்பினாள். நித்யகலா குனிந்து கருவியில் கண்ணை வைத்தாள். முப்பது மீட்டரில் இருந்த முகம் சட்டென்று ஒரு முழ தூரத்துக்கு வந்துவிட்டது, வார் பதிந்த தாடை, உதட்டில் ஒட்டிய தூசி, நேராக இவளையே பார்க்கும் கண். அவள் அழவில்லை. ஆனால் கோலைப் பிடித்த கை நிலையாக இல்லை, கறுப்பும் சிவப்புமான கட்டங்கள் குறுக்குக் கோட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. ஆடும்போது வாசிக்கக் கூடாது. "ஆச்சா?" என்று அங்கிருந்து கேட்டாள் செண்பகம். "இன்னும் இல்ல" என்றாள் நித்யகலா. அந்தக் கை நிற்கட்டும் என்று, கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.